சீனிப்போத்தலுக்கு அங்கால்

ஒன்றுக்குச் சைபர். தோற்றாயிற்று.
ஆனாலும் பாசையூர்ச் சந்தியில்
பத்திநாதரின் கொத்துக்கடையில்
ஆட்டம் இன்னும் முடியவில்லை.

இரண்டு தீப்பெட்டி, கோல்கம்பம்.
சீனிப்போத்தல், விடிவெள்ளியின் கடைசிப் பின்வீரன்.
வடைத்தட்டில் குத்திய ஈர்க்கு, கோர்ணர்க் கொடி.
எங்கள் மதுசியன்
பாதி குடித்த பிளேன்ரீ.
"இஞ்ச நிண்டவன். இஞ்ச!"
சவிரிமுத்து மேசையில் குத்துகிறார்.
மதுசியன் தளும்புகிறான்.

"எழுபத்தெட்டாம் நிமிசம்.
கொடி தூக்கினவனை விடு,
ஊதினவன் ஆற்றை ஆள்?"
"அவன்ர மாமி விடிவெள்ளிப் பக்கம் கலியாணம் கட்டினவ."
"எந்த மாமி?"
"ஒரு மாமி இருப்பாதானே."

கொத்துத் தகரம் இரண்டும்
கல்லில் விழுந்து விழுந்து
ஒவ்வொரு வசனத்தையும்
நாலாய் வெட்டிப் போடுகின்றன.

பாரிஸிலிருந்து எமில்
போனுக்குள் நின்று கத்துகிறான்.
நேரலையில் பார்த்தவன்
எல்லாம் பார்த்தவன்
மதுசியனுக்குப் பந்து போகிற நேரம்
படம் இறுகி
ஒரு வட்டம் மட்டும் சுற்றிச் சுற்றி
பிறகு வந்தபோது
லைன்ஸ்மன் கொடியோடு நின்றானாம்.
"ஆனா அது கோல்!
நான் சத்தியம் பண்ணுவன்!"

டிலக்சனிடம் வீடியோ இருக்கிறது.
கையகல வெளிச்சத்தில் பதினொரு தலை.
சரியாய் அந்தக் கணத்தில்
கச்சான்காரரின் குடை குறுக்கே போகிறது,
நீலமும் மஞ்சளுமாய்,
ஒரு அவசரமும் இல்லாமல்.
திரும்பத் திரும்பப் போட்டார்கள்.
ஒவ்வொருமுறையும் அதே குடை.

ஆட்டத்தைப் பற்றியும் கதைக்கத்தான் செய்தார்கள்.
நடுவில் ஆளில்லை.
றெஜியின் முழங்கால் போன மாரியோடு சரி.
இரவெல்லாம் வலை இழுத்து விடியப் படுத்தவனை
தொண்ணூறு நிமிசம் ஓடு எண்டால்?
பயிற்சிக்கு ஏழு பேர்,
ஜேர்சிக்கு இருபத்தாறு பேர்.
இது கொஞ்சம் சுட்டது.
அதனால் மறுபடி
மத்தியஸ்தருக்கே வந்து சேர்ந்தார்கள்.

நான் மூன்று கொத்துக் கட்டுவிக்க வந்தவள்.
வாங்கின் ஓரத்தில் இருக்கிறேன்.
பள்ளிக்கூட அணியில் இடப்பக்கப் பின்வரிசை;
கோட்டை மேலே ஏற்றுவதும்
கையைத் தூக்குவதும்
மூன்று வருசமாய் என் வேலை.
இன்று சர்பத் வண்டிலுக்குப் பக்கத்தில்
அந்தப் பின்வீரனுக்கு நேராக நின்றேன்.
பந்து றெஜியின் காலை விட்டபோது
மதுசியன் அரை அடி முன்னால்.
என் கை தானாய் எழும்பியது.
தலைமயிரை ஒதுக்குவதுபோல் இறக்கிக்கொண்டேன்.

ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிற்கிறது.
மத்தியஸ்தர் ஞானரூபன்.
கறுப்புச் சட்டை மாற்றிச் சாரத்தோடு,
விசில் கயிறு கழுத்தில் மறந்துபோய்.
"ரெண்டு றாத்தல் பாண் அண்ணை."

கொத்துத் தகரம் நின்றது.
இவ்வளவு நேரமும் இல்லாத கடல்
திடீரெனக் கேட்டது.
சவிரிமுத்து வாங்கில் அரக்கி இடம் விட்டார்.
அவருடைய வள்ளத்து இஞ்சின்
சனிக்கிழமையிலிருந்து
ஞானரூபன் பட்டறையில் கிடக்கிறது.

"திங்கள் எடுக்கலாம்" என்றார் இருக்காமலே.
தீப்பெட்டிகளைப் பார்த்தார்.
போத்தலைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பாணைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு போனார்.

சிவப்பு விளக்கு வளைவில் மறையுமட்டும்
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் எட்டி
பிளேன்ரீக் கோப்பையை
சீனிப்போத்தலுக்கு அங்கால்
இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

எமிலின் ரயில் சுரங்கத்துக்குள் போயிருக்கவேணும்,
போனிலும் சத்தமில்லை.
சவிரிமுத்து கோப்பையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
எடுத்து, ஆறிப்போனதை
ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"சரி பிள்ளை.
அப்ப அந்த முப்பத்தோராம் நிமிசக் கோர்ணர்?"