நூற்றுப் பதினாலு குழி

பெரட்டில் மண்டோர் இருளாண்டி பெயர் கூப்பிட்டார்.
இன்றைக்குப் பால்வெட்டு இல்லை, மண்வெட்டி எடு.
குழிக்குப் பத்துக் காசு.
ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

சுங்கை சிப்புட் சடக்கோரம்
புகைக்கூடத்துக்குப் பின்னால்
நூற்றுப் பதினாலு வெட்டினேன்.
மாட்டுப்பட்டி என்று நினைத்தேன்.
முதல் நாள் மட்டும்.

நான்காம் நாள் லாரிகள் வந்தன.
மலையை இறக்கினார்கள்,
கூடையும் ஊதுகுழலும்
நாயைக் கயிற்றில் பிடித்த ஒருத்தியுமாக.
காட்டுக்குள் பசித்து வந்தவனுக்குத்
தாங்கள் நட்ட மரவள்ளியைப் பிடுங்கிக் கொடுத்தார்களாம்.
குற்றம் அவ்வளவுதான்.

கிராணி பேரேட்டில் எழுதினார்:
சாக்காய், அறுபத்திரண்டு.
ஒருவன் வரிசையை விட்டு வந்து
மார்பைத் தட்டினான்.
ஆண்டோர், என்றான்.
ஆண்டோர்.
எதைடா ஆண்டீர், என்று கிராணி சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அது அவன் பெயர்.

தகரக் கூரை. மரம் ஒன்று விடவில்லை.
காட்டுக் குளிரில் பிறந்த பிள்ளைகள்
மத்தியானத்தில் மெழுகுபோல் கிடந்தன.
அரிசியும் கருவாடும் கொடுத்தார்கள்,
தின்னத் தெரியவில்லை என்றார்கள்.
பத்தாம் நாள் மண்டோர் மறுபடி கூப்பிட்டார்.
இதற்கும் பத்துக் காசுதான்.
அளவு சின்னது.

மிச்சக் கம்பி வீணாகவில்லை.
அடுத்த மாதம் எங்கள் லயத்தைச் சுற்றி வந்தது.
கடைக்காரர் மீன் டின்னில் ஓட்டை போட்டே தந்தார்.
காலையில் வாசலில் நின்ற சிப்பாய்
பவளக்கொடியின் பால்வாளிக்குள் கைவிட்டு
ஒரு பிடி சோற்றைத் தேடினான்.
அவள் அவனைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

ஒரு மழை இரவில்
இருபத்தேழு பேர் காணவில்லை.
நாற்பத்தோராம் கம்பம் சாய்ந்து கிடந்ததாம்.
துரை ஆட்களை வரிசையில் நிறுத்தி விசாரித்தார்.

அந்தக் குழியில் ஒரு சாணில் பாறை தட்டியது.
கடப்பாரை கொண்டுவர ஒரு கல் தூரம் நடக்க வேண்டும்.
நடக்கவில்லை.
மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப்
பத்துக் காசை வாங்கிக்கொண்டேன்.

இப்போது மகன்கள் அதைத் தியாகம் என்கிறார்கள்.
சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி,
அவ்வளவுதான் என்றால் நம்புவதில்லை.

கயிற்று நாயை விட்டுப் போயிருந்தார்கள்.
குரைத்தால் காட்டிக்கொடுக்கும் என்றிருக்கும்.
அது சாய்ந்த கம்பத்தடியில் படுத்துக்கொண்டு
மலையைப் பார்த்தபடி கிடந்தது,
குரைக்கவே இல்லை.