அறுபதில் ஒரு பங்கு

நொடியை ஆயிரமாய் நறுக்கினால்
விமானத்தின் விசிறி நின்றுவிடும்,
படத்தில்.
கடைக் கூரையில் நூல்கட்டித் தொங்கவிட்ட பொம்மை அது,
எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

அறுபதாய் மட்டும் நறுக்கு.
விசிறி முழு வட்டமாய் விரியும்,
வெயில் பட்டால் தாம்பாளம்.
ஆனால் மூக்கு கலங்கும், வாலெழுத்து கலங்கும்,
விமானியின் முகம் தண்ணீரில் விழுந்த மை.
இருநூறு எடுத்தால் ஒன்று தேறும்.
சில ஞாயிறுகளில் அதுவும் இல்லை.

இதற்காகத்தான் நெமுனாஸ் ஆற்றைத் தாண்டி
முப்பது கிலோமீட்டர் மிதிக்கிறேன்,
முதுகில் லென்ஸ், பையில் கறுப்பு ரொட்டி.

வாரத்தில் ஐந்து நாள்
கவுனாஸில் பல் கட்டுபவன்.
மயிரிழை பிசகினாலும்
திங்களன்று திரும்பி வந்து மேஜையில் உட்காரும்.
அசையாதிருப்பதுதான் நான் செய்யும் பொருளின் வேலை.
ஞாயிறு எனக்கு
அசைவது வேண்டும்.

ஓடுதளம் என்று பெயர், வெறும் புல்.
தவளை தேடும் நாரைகள்
யாரிடமும் அனுமதி கேளாமல் ஏறும், இறங்கும்.
செஸ்னா வந்தால் ஒதுங்கும்.
வில்கா வந்தால் ஒதுங்காது.
அதே நெட்டைக் கால், அதே அவசரமின்மை,
தம் இனம் என்று நினைக்கின்றனவோ என்னவோ.

வில்கா என்றால் போலந்து மொழியில் மாங்குயில்.
வெட்டுக்கிளி என்றிருந்தால் ஒப்புக்கொள்வேன்.
கிளைடர்களைக் கயிற்றில் கட்டி
அறுநூறு மீட்டர் இழுத்துப்போய் அவிழ்த்துவிடும்
மஞ்சள் எருது.
ஓட்டுபவள் ஸ்கைஸ்தே, பள்ளியில் வேதியியல் ஆசிரியை.
என்னைக் கடக்கையில் கை அசைப்பாள்.
அசைத்த கை கலங்கி அந்தப் படமும் வீண்.

ஆகஸ்டில் ஒரு மாலை, பதினேழாவது இழுவை.
ஓஸ்வல்தாஸின் வெள்ளைக் கிளைடர் கழன்று
மேகத்தடிக்கு நழுவிப் போயிற்று.
வேலியோரம் ஒரு முழங்கால் ஊன்றி
திரும்பிவரும் வில்காவைக் கண்ணாடிக்குள் பிடித்தேன்.
அறுபதில் ஒரு பங்கு.
மூச்சை நிறுத்தி இடுப்பைத் திருப்பி
திருப்பி
திருப்பி

படம் எடுப்பவனுக்குக் காது அடைத்துவிடும்.
நாரைகள் தலை தூக்கியதைப் பிறகுதான் யோசித்தேன்,
கொட்டகையருகே யாரோ
தேநீர்க் குவளையைக் கீழே வைத்ததையும்.
அத்தனை பெரிய வெளியில்
ஓசை என் விரலில் மட்டும் இருந்தது.

இரண்டு முறை எம்பி விழுந்து
கோதுமைக்குச் சற்று முன்னால் நின்றது.
வலப்பக்கம் வால்வரை கறுப்பாய் எண்ணெய்.
அவள் இறங்கினாள், புல்லில் உட்கார்ந்தாள்,
ஷூவைக் கழற்றினாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மேலே, இயந்திரமே இல்லாத ஓஸ்வல்தாஸ்
ஒரு மணி நேரம் நிம்மதியாய் வட்டமிட்டுவிட்டு
வந்திறங்கிக் கேட்டான்:
"இன்னொரு தடவை இழுப்பீர்களா?"

இரவு திரையில் விரித்தேன், நாற்பத்தொரு படங்கள்.
எல்லாம் கண்ணால் பார்த்தவன்தான்.
ஆனாலும் முதல் படம் விரிந்ததும்
டயலைத் தவறாய் வைத்துவிட்டேன் என்று என்னைத் திட்டினேன்.
வைத்தது சரியாகத்தான் இருந்தது.
அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தும்
பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே
சாய்ந்து நின்றது மரவிசிறி,
ரேகையை எண்ணலாம்.
அவள் உதடு ஏதோ சொல்கிறது,
ஜெபமா வசவா, கேட்டதில்லை.
எட்டு வருடத்தில் இவ்வளவு கூர்மை
எனக்கு வாய்த்ததில்லை.
அன்றைக்குத்தான் கை நடுங்கியது.

ஒரு பிரதி கேட்டாள், அனுப்பினேன்.
"இதில்தான் நான் நானாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.
பதில் எழுதத் தெரியவில்லை.

மே மாதம் புது இயந்திரம் பூட்டினார்கள்.
முதல் ஏற்றத்தில் கை அசைத்தாள்.
முழு வட்டம், முகம் இல்லை, எழுத்து இல்லை,
மஞ்சள் என்பது மட்டும் தெரிகிறது.
பல் அச்சுகளின் மேலே அதை மாட்டியிருக்கிறேன்.

"கலங்கியிருக்கிறதே"
என்றான், பல் வாங்கிப் போக வந்த மருத்துவமனைப் பையன்.
ஆமாம், என்றேன்,
ஓடுகிறது.