அரைப் பேர்

போயா நாளில் பிள்ளைக்காம்பராவில் வகுப்பு.
தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே செருகிவிட்டு
குழந்தைகளின் குட்டை வாங்குகளில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க நாங்கள் ஏழு பெண்கள்.
நுவரெலியா ஹோட்டலில் அறை துடைக்க ஆள் எடுக்கிறார்களாம்.
இங்கிலீஷ் கொஞ்சம் வேண்டுமாம்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று
யாரும் சொல்லவில்லை.

ஜெசிந்தா மிஸ் பலகையை நடுவில் கோடு கிழித்துப் பிளந்தாள்.
இந்தப் பக்கம் எண்ணலாம்.
அந்தப் பக்கம் எண்ண முடியாது.
இதற்கு ஹவ் மெனி, அதற்கு ஹவ் மச்.

அன்னக்கொடி என் காதில் சொன்னாள்:
"எத்தனை, எவ்வளவு. இம்புட்டுத்தானே?
இதுக்கா மஸ்கெலியாவிலேருந்து
பஸ் ஏறி வந்துச்சு இந்தப் புள்ள?"

உண்மைதான்.
எத்தனை தண்ணீர் என்று
என் மூன்று வயது மகன்கூடக் கேட்டதில்லை.
பேர் தெரியாமலே ஓர் இலக்கணத்துக்குள்
இத்தனை காலம் குடியிருந்திருக்கிறோம்,
உறுதிப் பத்திரம் இல்லாத லயத்தில் இருப்பதுபோல.

அட்டையை எண்ணலாம்,
காலிலிருந்து பிய்க்கப் பிய்க்க.
அது குடித்த ரத்தத்தை முடியாது.
இலையை எண்ணலாம் என்றாள் மிஸ், தேயிலையை முடியாது.
கிள்ளும்போது இரண்டு இலை, ஒரு மொட்டு.
என் விரலுக்குக் கணக்குத் தெரிகிறது.
கூடைக்குள் விழுந்ததும் கொழுந்து,
அதற்குமேல் எத்தனை இல்லை, எவ்வளவுதான்.
எந்த இடத்தில் அது கோட்டைத் தாண்டுகிறது மிஸ்?
விரலிலா, கூடையிலா, சாக்கிலா?
மிஸ் சோக்குத் துண்டைக் கைக்குள் உருட்டினாள்.
நல்ல கேள்வி என்றாள்.
பதில் அடுத்த போயாவுக்குப் போனது.

ஃபர்னிச்சர், எண்ண முடியாது.
நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம்,
சேர்த்துச் சொன்னால் முடியாதாம்.
"ஒடைச்சுப் பாரு, சம்பளத்துல எண்ணுவாங்க"
என்றது பின்வாங்கு.

ஒர்க், எண்ண முடியாது.
இதற்கு மட்டும் ஏழு பேரும் சிரித்தோம்.
மிஸ்ஸுக்கு ஏனென்று விளங்கவில்லை.

வாட்டர், எண்ண முடியாது.
இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.
நிறுவைக் கொட்டிலில் தண்ணீரை எண்ணித்தான் கழிக்கிறார்கள்.
மழை நாளில் மூன்று கிலோ,
வெயில் நாளில் இரண்டு.
வெயிலில் ஏது தண்ணீர் என்று கேட்டால்
உங்க வேர்வை என்பான் றொபின்சன்,
தன் பகடிக்குத் தானே சிரித்தபடி.

கடைசியில் நேம்.
எண்ணலாம். ஒன் நேம், டூ நேம்ஸ்.
வசனம் எழுதச் சொன்னாள்.
நான் எழுதினேன்:
நேற்று எனக்கு ஹாஃப் நேம்.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர்.
செக்ரோலில் ஆறு எழுத்தில் நான் முழுதாக இருப்பேன்,
எதிர்க்கட்டத்தில் பாதி.
டவுனில் பிறந்த மிஸ்ஸுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.
சிவப்புப் பேனாவால் அடித்து
ஓரத்தில் தமிழில் எழுதினாள்:
பெயரைப் பாதியாக்க முடியாது. ஒன்று, அல்லது பல.

நான் விளக்கம் சொல்லவில்லை.
அந்தத் தப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
விளக்கடியில் இரண்டு தரம் வாசித்தேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில்.
முள் பத்தொன்பதில் நின்று ஆடியது.
றொபின்சன் இரண்டைக் கழித்தான். பதினேழு.
பேனா அரைக்குச் சாய்ந்தது.

ஹவ் மச் வாட்டர், என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான்.
எனக்குப் பின்னால் கூடையை இறக்காமல் நின்ற அன்னக்கொடி
ஹவ் மெனி நேம்ஸ், என்றாள்.
அவளுக்கு அது பொருந்துகிறதா இல்லையா என்ற கவலை இல்லை.
வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவன் ஒன்றும் பேசவில்லை.
சாக்கை இறக்கச் சொன்னான்,
முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினான்,
மறுபடி தூக்கச் சொன்னான்.