இரண்டு மணியோசை

நாற்பது மீட்டர் உயரம்.
என் செருப்புக்குக் கீழே கண்ணாடித் தரை,
அதற்கும் கீழே சவரிநாதன் அசைக்கும் பச்சைக்கொடி,
கிள்ளிப் போட்ட வெற்றிலைத் துணுக்கு.
கடலிலிருந்து ஊருக்குள் நுழையும் காற்று
முதலில் தட்டுவது என் கிரேன் கேபினைத்தான்.

சித்திரையில் பதினொன்றரைக்கே வந்துவிடும், சொன்ன நேரத்துக்கு.
ஆனி அப்படியில்லை.
விடிந்ததிலிருந்து கச்சான்
செங்குன்றம் புழுதியும் லாரிப் புகையும் சுமந்துவந்து
கடலின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
இரண்டு மணி, இரண்டரை.
கப்பல் கொடி
யார் பக்கமும் சேராமல்
ஒரு நிமிஷம் துவண்டு தொங்கும்.
அப்புறம் மெல்ல
மேற்கே முகம் திருப்பும்.

அப்போதுதான்
பிலோமிக்கு இரண்டு மணி அடித்து வெட்டிவிடுவேன்.

அம்பத்தூரில், தகரக் கூரைக்கு அடியில்
பள்ளிச் சீருடை தைக்கிறாள் என் தங்கை.
அம்மா வீட்டை விற்ற நாளிலிருந்து
பேச்சு கிடையாது. ஐந்து வருஷம்.
தப்பு யார் பக்கம் என்று
இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவில்லை.
காற்று அவளிடம் போய்ச்சேர
ஒரு மணி நேரமாகும்; அது மட்டும் தெரியும்.
சில நாள் வில்லிவாக்கத்தோடு நின்றுவிடும்.
அன்றைக்கு நான் பொய்யன்.
அவள் ஒருநாளும் திருப்பி அழைத்ததில்லை,
என் எண்ணைத் தடுத்ததும் இல்லை.

கார்த்திகையில் புயல்.
எழுபத்திரண்டைத் தொட்டதும் அலாரம் கத்த,
கிரேனைத் தரையோடு பூட்டிவிட்டு
ஷெட்டுக்குள் ஒண்டினோம், ஒன்பது பேர்.
இரவு முழுக்க வாடை.
வடக்குச் சுவரில் மழை
ஆணி அடிப்பதுபோல் அடித்தது.
நாலு மணிக்குச் சற்றே ஓய்ந்தது.
பழவேற்காட்டுப் பக்கம் ஏறிவிட்டது என்றான் ஒருவன்.
"அப்போ முடிஞ்சுது" என்று
சவரிநாதன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

என் சட்டைப்பையில்
மணி ஒன்று.
மணி இரண்டு.
நின்றுவிட்டது.

பிலோமி.

திரும்ப அழைக்க விரல் போனது, போகவில்லை.
அழைத்தால் பேசவேண்டி வரும்.
எழுந்துபோய்
மேற்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்,
போதாதென்று இரும்புப் பெட்டியை இழுத்து அண்டைகொடுத்தேன்.

"அந்தப் பக்கம் காத்தே இல்லியேப்பா,
புழுங்குது, திற" என்றார் சவரிநாதன்.

"கிளம்பிடுச்சு" என்றேன்.

டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது
தாழ்ப்பாள் நடுங்கத் தொடங்கியபோது.