அபராத நோட்டு

வியாழன் இரவு ஒன்பதுக்கு
பொறியியல் கட்டடத்தின் பின்னால், கார் நிறுத்துமிடத்தில்
நாற்பத்தியொரு பேர் மேளம் மாட்டுவோம்.
எனக்கு வாய்த்தது கிலுகிலுப்பை.
கை அசைந்தால் போதும் என்று தந்தார்கள்,
கூடவே இந்த நோட்டையும்.

நோட்டில் மூன்று பத்தி:
தாமதம், வராதது, பாதியில் போனது.
எதுவானாலும் ஐந்து ரெயால்.
சேர்ந்த பணத்தில் மேளத்துக்குத் தோல் மாற்றுவோம்,
மிஞ்சினால் பியர்.

மூன்றாம் பத்தி முழுக்க ஒரே பெயர்.
ஜாசியாரா என்று ஒருமுறை எழுதிவிட்டு
கீழே மேற்படி, மேற்படி என்று நிரப்பியிருக்கிறேன்.

அவள் மூன்றாம் சுர்தோ.
இடுப்பில் தொங்கும் பீப்பாய் அது.
எங்கள் பேச்சில் சுர்தோ என்றால் செவிடு.
முதல் செவிடு கேட்கும்,
இரண்டாம் செவிடு பதில் சொல்லும்,
மூன்றாவது இருவருக்கும் குறுக்கே புகுந்து
வாயாடும்.
அவள் வாயாடினால்
நிற்கும் கார்களின் திருட்டு மணி அலறும்.

பத்தே முக்காலுக்கு வாரைக் கழற்றுவாள்.
வாயில் விசிலோடு ஒத்தாவியோ புருவத்தைத் தூக்குவான்.
நான் பேனாவைத் தூக்குவேன்.
அவள் போன பிறகு மற்ற இரண்டும்
விவாகரத்து வழக்குப் போல
ஒழுங்காகப் பேசிக்கொள்ளும்.

என் அறை பத்து நிமிட நடை.
நள்ளிரவுக்கு மேல் நவோகியின் அறையில் நூடுல்ஸ்.
போட்டிக்கு எந்தப் பேருந்து, அடுத்த வருடம் யார் தலைவர்,
யார் யாரோடு பேசுவதில்லை
எல்லாம் முடிவாவது அங்கேதான்.
'அவளுக்கு ஈடுபாடு போதாது'
என்பதும் அங்கேதான் முடிவானது.
நவோகி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் தலையாட்டினேன்,
வாய் நிறைய நூடுல்ஸ்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்க
பாக்கி எழுபது ரெயால்.
இன்று வாங்கியே தீருவது என்று
நோட்டோடு பின்னால் ஓடினேன்.
மெட்ரோ ஏறினாள், ஏறினேன்.
மஞ்சள் தடத்திலிருந்து பவளத் தடத்துக்கு மாறினாள்,
மாறினேன்.

கேட்கத்தான் முடியவில்லை.
அவள் காதில் ஒலிப்பான், மடியில் பை,
பையின் மேல் இரண்டு கை.
இரண்டாம் பாதியை வாசித்துக்கொண்டிருந்தாள்,
அவள் இல்லாமல் நாங்கள் வாசிக்கிற அதே இரண்டாம் பாதி.
வாராவாரம் நவோகி பதிந்து அனுப்புகிறானாம்.
எங்கள் பதிவில் ஓட்டை விழுந்த இடமெல்லாம்
அவள் விரல் விழுந்தது.
பக்கத்தில் தூங்கிய காவலாளியின் தலை
அந்த இடங்களில் மட்டும் ஆடியது.

இட்டாக்கேரா. குவாயனாசேஸ். சூசானோ.
வானிலை அறிக்கையில் கேட்ட பெயர்கள்;
அங்கே ஆட்கள் இறங்கி
சாவியைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள்.
ஒன்றரை மணி நேரம் கழித்து
ஒலிபெருக்கி கடைசி நிலையத்தைச் சொன்னது:
மாணவர்கள்.
நிஜமாகவே அதுதான் பெயர்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவள் அதை வருடக்கணக்காகக் கேட்கிறாள்.

'அபராதமா?' என்றாள், என்னைப் பார்த்ததில் வியப்பே இல்லாமல்.
'திரும்பிப் போக வண்டி இல்லை, தெரியும்தானே?'
தெரியாது.

அவர்கள் வீட்டு சோபா என் முழங்காலோடு முடிந்துவிட்டது.
நாலு மணி வண்டிக்கு அவள் அப்பா கிளம்பும்போது
என்னையும் எழுப்பினார்.
சர்க்கரை டப்பாவின் அடியில் இருந்து
ஜாசியாரா எண்ணிக் கொடுத்தாள்,
சில்லறையும் கசங்கிய தாளுமாக எழுபது.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது உண்மை.
வாங்கிக்கொண்டதும் உண்மை.

அந்தப் பணத்தில் மூன்றாம் சுர்தோவுக்குப் புதுத் தோல்.
போட்டியில் நான்காம் இடம், அது வேறு கதை.

இப்போது பயிற்சி ஏழு மணிக்கு.
கைகளைத் தூக்கிச் சம்மதித்தவர்களில்
நூடுல்ஸ் கோஷ்டி பாதிதான்.
மூன்றாம் பத்தி காலியாகக் கிடக்கிறது.
ஒத்தாவியோவுக்கு மாலையில் ஆய்வகம்,
எட்டரைக்கு மூச்சிரைக்க ஓடி வருகிறான்,
விசில் கழுத்தில் ஆட.
முதல் பத்தியில் அவன் பெயர்.
கீழே மேற்படி, மேற்படி.