ஆலிவ் உடைக்கும் கல்

போத்ரும் துறையில் அந்நியக் கப்பல் நங்கூரமிட்ட மாதம்
துர்தானேயின் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.
தொப்பிக்காரர்கள் முற்றத்தில் கயிறு கட்டி அளந்தார்கள்.
"உன் வீட்டுக்கு அடியில் ஓர் அரசன் இருக்கிறான்" என்றான்
பேச்சை மாற்றிச் சொல்ல வந்த ஸ்மிர்னாக்காரன்.
"இருக்கட்டுமே, நான் வாடகையா கேட்டேன்?" என்றாள்.

பக்கத்தில் மூன்று வீடுகள் விலை போயின.
இவளோ
அத்திமரத்துக்குத் தனி விலை,
அதில் காய்க்காத கிளைக்கும் விலை,
கிணற்றுக்கு,
கிணற்றுக்குள் போன வருடம் விழுந்த செம்புக்கு என்று
விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.
கணக்கெழுதியவன் மைக்கூட்டை மூடிவிட்டான்.

அதனால் அவர்கள் பக்கத்து மனையிலிருந்து
எலிபோல் வளை பறித்து வந்தார்கள்.
இரவில் அடுப்படித் தரைக்குக் கீழே இருமல் கேட்கும்.
பாத்திரம் கழுவிய தண்ணீரை
வேண்டுமென்றே அந்த மூலையில் ஊற்றினாள்.
கீழே ஒரு விளக்கு அணைந்தது.
எந்த மொழியில் திட்டினாலும்
திட்டு திட்டாகத்தான் கேட்கிறது.

கீழே இருந்தவன் கதை:
செத்தவனுக்கு அவள் கட்டினாள்;
அவனுக்கு மனைவி, அவனுடனே பிறந்தவளும் கூட.
சாம்பலை மதுவில் கரைத்துக் குடித்தாள் என்பார்கள்.
குடித்தது போக மிச்சத்துக்குத்தான் அவ்வளவு உயரம்.
முப்பத்தாறு தூண், மேலே படிப்படியாய்க் குறுகும் கூரை,
உச்சியில் நான்கு குதிரை பூட்டி
எங்கும் போகாத ஒரு தேர்.
கல்லானாலும் கணவன் என்பதை
அவளைப்போல் யாரும் செலவழித்துச் செய்ததில்லை.
வேலை முடியுமுன்னே அவளும் போய்ச் சேர்ந்தாள்.

நிலம் நடுங்கியது. ஒருமுறை அல்ல.

பிறகு சிலுவை தைத்த மேலங்கியோடு வந்தவர்களுக்கு
அவசரமாய் ஒரு கோட்டை வேண்டியிருந்தது.
பச்சைக் கல் சுவருக்கு,
வெள்ளைக் கல் சூளைக்கு.
பளிங்கு வேகும்போது வாசனை வராது.
கோடரி ஓங்கிய பெண்கள், பிடரி பறக்கும் குதிரைகள்,
பெயர் தெரியாத ஒரு வேட்டைநாய்,
எல்லாம் சில இரவுகளில் சுண்ணாம்பு.
தண்ணீர் விட்டால் சீறும்,
அதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
துர்தானே வீட்டுச் சுவரின் வெள்ளையில்
யாருடைய கன்னம் இருந்ததோ?
அதில்தான் அவள் பால்கணக்குக்குக் கரிக்கோடு போட்டாள்.

கடைசியில் விற்றாள். மகன் நாஸிஃபுக்குப் படகு வேண்டியிருந்தது.
கூரை பிரிக்கும் அன்று சாமான்களை வெளியே வைத்தாள்:
செப்பு அண்டா, தொட்டில் கயிறு, கோழிக்கூடை,
மாமியார் விட்டுப்போன ஆலிவ் உடைக்கும் கல்.

தொப்பிக்காரர்களில் இளையவன்
உட்கார இடம் பார்த்து அந்தக் கல்லைப் புரட்டினான்.

அடியில் ஒரு கை.
கடிவாளத்தை இறுக்கும் மடக்கில் நான்கு விரல்கள்.
கட்டைவிரல் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை.

அவன் தொப்பியைக் கழற்றினான்.
பத்தொன்பது பருவம் அதன் முதுகில் அடித்தவள்
"வலிச்சிருக்குமோ" என்றாள்.
ஸ்மிர்னாக்காரன் அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.
"இதே கனத்தில் வேறொரு கல்."
கடற்கரையிலிருந்து உருட்டி வந்தார்கள்;
இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துத்தான் சம்மதித்தாள்.

சிங்கங்கள் வைக்கோல் சுற்றிக் கப்பலேறின.
இன்று அங்கே ஒரு குழி, உருண்ட தூண் துண்டுகள்,
மழை பெய்தால் தவளை.
அரசன் பெயர் எத்தனையோ மொழிகளில்
பெருங்கல்லறை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகி
அவனுக்கென்று மிஞ்சாமல் போயிற்று.
துர்தானேயின் தலைமாட்டுக் கல்லில் எழுத்தே இல்லை.

புதுக் கல்லில் உடைத்த ஆலிவ்
அந்த வருடம் கொஞ்சம் கசந்தது.
உப்பு போதவில்லை என்றாள்.