அறைக்கென ஒரு நிமிடம்

புந்தா அரேனாஸில் காற்று
எல்லாக் காட்சியிலும் கூப்பிடாமலே வந்து நடிக்கும்.
பிடித்துக்கொண்டு நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்.
நான் பிடித்துக்கொண்டிருந்தது மைக் கழியை.
அதன் நுனியில் நனைந்த பூனை போல ஒரு மயிர் உறை.

பதினொன்றாம் வகுப்பு. ஏழு நிமிடப் படம்.
கதை யாஸ்னாவுடையது:
போர்வெனிர் போகும் படகைத்
தினமும் தவறவிடுகிற ஒருவர்.
ஏன் தவறவிடுகிறார் என்று கேட்டோம்.
முடிக்கும்போது தெரியும் என்றாள்.
முடித்துவிட்டோம். இன்னும் தெரியாது.

முதல் நாள் பால்டொமேரோ
கோப்பையை இடக்கையில் பிடித்திருந்தான்,
மூன்றாம் நாள் வலக்கையில்.
ராயேன் நோட்டில் குறித்திருந்தாள்;
உரக்கச் சொல்லத்தான் கூச்சம்.
படத்தில் இப்போதும் அந்தக் கோப்பை
ஒரு வெட்டில் கைமாறுகிறது.
அவள் நோட்டு அட்டையில்
சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்:
கத்து.

குளிரில் பேட்டரி செத்துப்போகும்.
அக்குளில் இடுக்கினால் பிழைக்கும் என்று
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை,
இஸ்மாயேலின் அக்குளைத் தவிர.

கதைக்கு உயிரான ரொட்டியைத்
துறைமுகத்து நாய் தின்றது.
மறுநாள் வாங்கிய ரொட்டியையும்.
மூன்றாவது வாங்கக் காசில்லாமல்
யாஸ்னா நாய்க்கொரு வேடம் எழுதினாள்.
எங்களில் ஒரே டேக்கில் முடித்தது அது மட்டும்தான்.

ஜூன் மாதம். ஐந்தரைக்கு இருட்டு.
டான்கோவுக்குக் கடல் வேண்டும், யாஸ்னாவுக்கு முகம்.
கடல் எங்கே போகப்போகிறது என்றாள்.
முகம் மட்டும் எங்கே போகும் என்றான்.
போனது வெளிச்சம்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.
அவன் என்னிடம் சொல்வான், நான் அவளிடம்;
இரண்டடி தூரத்துக்கு ஒரு தூது.
எனக்குக் காதில் ஹெட்போன் வேறு,
இருவரின் முணுமுணுப்பும்
பன்மடங்காகக் கேட்டது.
எதையும் நான் கேட்டிருக்கவில்லை என்பது
அன்று எடுத்த முதல் முடிவு.

கடைசிக் காட்சி ராயேன் சித்தியின் சமையலறையில்.
முடிந்ததும் நான் சொன்னேன்:
யாரும் போகாதீர்கள், அசையாதீர்கள்,
ஒரு நிமிடம் பேசாதீர்கள்.
யார் செத்தது என்றான் பால்டொமேரோ.

ஒருவரும் சாகவில்லை.
வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு,
ஒன்றின் மௌனம் இன்னொன்றுக்குப் பொருந்தாது,
வெட்டி ஒட்டிய இடம் தெரியாமலிருக்க
அடியில் இதைத்தான் விரிக்க வேண்டும் என்றேன்.
புரிந்ததோ இல்லையோ, நின்றார்கள்.

குளிர்பெட்டி முனகியது.
தகரக் கூரையில் ஒரு ஆணி லேசாக ஆடியது.
இஸ்மாயேலின் வயிறு ஏதோ கேள்வி கேட்டது.
மூக்கை உறிஞ்சாமலிருக்க ஒருவர் படும் பாடு.
கன்னம் உப்பிய சிரிப்பு யாருடையது என்று
மூச்சை வைத்தே கண்டுபிடித்தேன்.
ஐந்து பேரை அத்தனை அருகில்
அந்த மூன்று வாரத்தில் நான் கேட்டதில்லை.

நாற்பத்தொன்றாம் நொடியில் ஒரு ஜிப்.
டான்கோ மேலங்கியைக் கழற்றுகிறான்,
பல் பல்லாக, மெல்ல,
சத்தம் வரக்கூடாதென்று மெல்ல, அதனாலேயே நீளமாக.
யாஸ்னா வெடவெடத்துக்கொண்டிருந்ததை
நான் பார்க்கவில்லை. எனக்கு அன்று காதுதான்.

டேக் கெட்டது. நிறுத்தவில்லை.
இன்னொரு நிமிடம் கேட்டேன்.
ஒருவரும் முறைக்கவில்லை.

மறுநாள் காலை மறுபடி தொடங்கினார்கள்:
கடல், முகம், கடல்.
படத்தில் கடல் மூன்று நொடி இருக்கிறது.
அது போதாதென்று அவன் இன்னும் சொல்கிறான்,
அதிகமென்று அவள்.

பள்ளி விளையாட்டு அரங்கில் திரையிட்டோம்.
கோப்பைக்குச் சிரித்தார்கள்.
நாய்க்குக் கைதட்டினார்கள்.
ஒலி: மாதே என்று ஓடியது பெயர்ப்பட்டியல்.
நான் மைதே. ஓர் எழுத்து விழுந்து
எல்லோரும் உறிஞ்சும் பானமாகிவிட்டேன்.
ஒலி நன்றாயிருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

சுத்தமான நிமிடம் என்னிடம் இருக்கிறது.
படத்துக்கடியில் விரித்தது மற்றதை.
கோப்பை கைமாறும் இடத்தில்
கவனித்தால் கேட்கும்:
ஒரு ஜிப், மெதுவாக,
கீழ்நோக்கி.